நேரடிப் பற்று

ஆஸ்பத்திரிக் கட்டில்களை வீடுகளுக்கு வாடகைக்கு விடும் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. வாடகை கேட்கப் போகிற வீட்டிலெல்லாம் யாராவது ஒருவர் படுத்துக் கிடப்பார். அவர் எதிரில் நின்றுகொண்டு, "நீங்க படுத்திருக்கிற கட்டிலுக்கு இன்னும் காசு வரலை" என்று சொல்வதற்குத் தனியாக ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும். கட்டில்காரருக்கு அது கடவுள் கொடுக்காமல் விட்ட சாமான்களில் ஒன்று.

கட்டில்காரர் என்பது தெருவே வைத்த பெயர். கடையில் சக்கர நாற்காலி, நடைவண்டி, காற்று மெத்தை, ஆக்சிஜன் இயந்திரம் எல்லாம் இருந்தாலும் பெயர் என்னவோ கட்டிலோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அவர் கொண்டுபோய்ப் போடுவார். திரும்பி வருவதை அவர் மனைவி மருந்துத் தண்ணீர் விட்டுத் துடைத்துக் காயவைப்பாள். கணக்கும் அவள்தான். கணக்கு அவள் கையில் இருந்ததால்தான் கடை தெருவில் இருந்தது. இல்லாவிட்டால் எப்போதோ தெருவுக்கு வந்திருக்கும்.

மாதம் பிறந்ததும் கட்டில்காரர் வசூலுக்குக் கிளம்புவார். போன வீட்டில் உட்கார்வார். படுத்திருப்பவர் தூங்கினாரா, சாப்பிட்டாரா என்று விசாரிப்பார். கட்டிலைத் தூக்கி இறக்கும் கைப்பிடி கிறீச்சிட்டால் எண்ணெய் விடுவார். பிறகு, வந்த காரியத்தைத் தவிர எல்லாவற்றையும் பேசிவிட்டுத் திரும்பி வருவார்.

"வசூலுக்குப் போனீங்களா, நலம் விசாரிக்கப் போனீங்களா?" என்பாள் மனைவி.

"அவங்க இருக்கிற நிலைமையில எப்படிம்மா கேக்கிறது?"

"நம்ம நிலைமையை அவங்க யாராவது கேட்டாங்களா?"

பாக்கி வைத்தவர்களில் முதல் மரியாதை டிராயிங் மாஸ்டருக்குத்தான். பள்ளிக்கூடத்தில் படம் வரையக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளாத அண்ணனும் தங்கையுமாக ஒரு மாடி வீட்டில் இருந்தார்கள். தங்கைக்கு ஒரு பக்கம் விழுந்து, பேச்சும் போய்விட்டது. கட்டில் அவளுக்கு. கட்டில்காரர் போனால் மாஸ்டர் முதலில் கைப்பிடியைச் சுற்றி அவளை நிமிர்த்தி வைப்பார். "படுத்துக்கிட்டே ஆளை வரவேற்கிறது அவளுக்குப் பிடிக்காது" என்பார். பிறகு தேநீர் வரும், பேச்சு வரும். வானத்துக்கு எல்லாரும் ஏன் நீலத்தையே அடிக்கிறார்கள் என்பதில் தொடங்கி, கட்டில் கால்களுக்கு இந்தச் சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுத்த மகாபாவி யார் என்பதுவரை போகும். தங்கை கண்களால் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பாள். கடைசியில் மாஸ்டர், சட்டைப்பையில் பணம் துருத்திக்கொண்டிருக்கும்போதே, "வாடகைதான் கொஞ்சம் தாமதமாகுது. அடுத்த வாரம் ஒரு நடை வாங்களேன்" என்பார். கட்டில்காரர் அடுத்த வாரமும் போவார்.

இப்படியே போனதில், காற்று மெத்தை தரும் கம்பெனி இனி முன்பணம் இல்லாமல் ஒரு மெத்தையும் கிடையாது என்று சொல்லிவிட்டது. கடைக்காக வாங்கியிருந்த கடனின் தவணைக்கு அவகாசம் கேட்டுக் கணவனும் மனைவியும் வங்கிக்குப் போனார்கள். அவகாசம் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஆலோசனை கிடைத்தது.

ஆலோசனை சொன்னவள் பணப்புழக்க அதிகாரி. சின்னப் பெண். கழுத்தில் தொங்கிய அட்டையில் அவள் முகம் சிரித்துக்கொண்டிருந்தது. நேரில் அவ்வளவு சிரிப்பு இல்லை. ஒரு தாளில் நீளமாகக் குழாய் ஒன்றை வரைந்தாள்.

"இதுதான் சார் உங்க தொழில். இந்தப் பக்கம் பணம் நுழையணும், அந்தப் பக்கம் வெளிய வரணும். நடுவுல அடைச்சிருக்கு. அடைப்பு எதுன்னு தெரியுதா?"

"தெரியலையேம்மா."

"நீங்கதான் சார்."

கட்டில்காரர் குழாயைக் குனிந்து பார்த்தார்.

"நீங்க நேர்ல போறீங்க. நேர்ல போனா முகத்தைப் பார்ப்பீங்க. முகத்தைப் பார்த்தா இரக்கம் வரும். இரக்கம் வந்தா பணம் வராது. உங்களை இதுல இருந்து எடுத்துட்டா எல்லாம் சரியாயிடும். அதுக்குப் பேர்தான் நேரடிப் பற்று. வாடிக்கையாளர் ஒரே ஒரு தடவை கையெழுத்துப் போட்டா போதும். அப்புறம் மாசா மாசம் அவங்க கணக்குல இருந்து தானா உங்க கணக்குக்கு வந்துடும். யாரும் யாரையும் பார்க்க வேண்டியதில்ல."

"நல்லதாப் போச்சு" என்றாள் மனைவி.

அதற்கு முன்னால் ஒரு பயிற்சி முகாமில் கலந்துகொள்ள வேண்டும் என்று விதி இருந்தது. குளிரூட்டிய அரங்கம் ஒன்றில், தண்ணீர் கேன் போடுகிறவர், உடற்பயிற்சிக்கூடம் நடத்துகிறவர், நடனம் கற்றுக்கொடுக்கிற அம்மாள் என்று பாக்கியால் நொந்துபோனவர்கள் எல்லாரும் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வங்கியின் பொது மேலாளர் மேடையேறினார்.

"நண்பர்களே, வாடிக்கையாளரின் கை சட்டைப்பைக்குப் போகிறது. போகிற வழியில் அவர் என்ன செய்கிறார்? யோசிக்கிறார். பிள்ளைக்குச் செருப்பு வாங்க வேண்டுமே என்று யோசிக்கிறார். மருந்து வாங்க வேண்டுமே என்று யோசிக்கிறார். இந்தச் சித்திரவதையிலிருந்து அவரை விடுவிப்பதுதான் நமது சேவை. அவர் யோசிப்பதற்கு முன்பே நாம் எடுத்துவிடுகிறோம்!"

கைதட்டல் எழுந்தது. நடன அம்மாள் கையைத் தூக்கினாள்.

"ஐயா, நடுவுல பிள்ளை வகுப்பை விட்டு நின்னுட்டா என்ன பண்றது?"

"பிள்ளை நிற்கலாம், அம்மா. பற்று நிற்காது" என்றார் பொது மேலாளர் அன்பாக.

முடிவில் எல்லாரும் எழுந்து வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தார்கள். 'நான் இனி எவரிடமும் கேட்க மாட்டேன். கேட்காமலே எடுத்துக்கொள்வேன்' என்று கட்டில்காரரும் சொன்னார். சொல்லிவிட்டு, இதையே ஒருவன் முகாமுக்கு வராமல் செய்தால் போலீஸ் பிடிக்குமே என்று நினைத்தார். பக்கத்தில் மனைவி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்ததால் வாயை மூடிக்கொண்டார்.

பணம் எடுக்க வங்கிக்கு அனுமதி தரும் ஆணைப் படிவங்களை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார். கை நடுக்கமுள்ள பெரியவர் ஒருவர் போட்ட கையெழுத்து, 'அலைபாய்கிறது' என்ற குறிப்புடன் திரும்பி வந்தது.

"அவருக்கு வியாதியே அதுதானேம்மா" என்றார் கட்டில்காரர்.

"புரியுது சார். நடுக்கம் இல்லாத நேரமாப் பார்த்து வாங்கிட்டு வாங்க" என்றாள் அதிகாரி.

'எவ்வளவு காலம் நீடிக்க விரும்புகிறீர்கள்?' என்று படிவத்தில் ஒரு கேள்வி. அதன் எதிரே 'ஆயுள் முழுவதும்' என்று அச்சிலேயே இருந்தது. பெரியவர் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, "யாரோட ஆயுள்?" என்று கேட்டார். கட்டில்காரருக்குத் தெரியவில்லை. வங்கிக்குப் போய்க் கேட்டு வந்து, "ஆணையோட ஆயுளாம்" என்று சொன்னார். "அதுக்கு நம்மளவிட ஆரோக்கியம் நல்லா இருக்கும்போல" என்று பெரியவர் நடுங்கிக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

மாஸ்டர் வீட்டில் கணக்கு இருவர் பேரிலும் இருந்தது. முதல் பெயர் தங்கையுடையது. இடது கையில் பேனாவைச் செருகிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, அவள் தன் பெயரை எழுதி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது.

மாஸ்டர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நேரடிப் பற்று! பற்றுன்னா பாசம்னுல்ல நான் நெனச்சிட்டிருந்தேன். பேரு ஜோராத்தான் வச்சிருக்காங்க." பிறகு, எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார்: "அப்போ இனிமே நீங்க வர வேண்டிய அவசியம் இருக்காது?"

"அவசியம் இருக்காதுதான் மாஸ்டர். அதுக்காக வராம எங்க போயிடப் போறேன்?"

"அதானே. வராம எங்க போயிடுவீங்க?" என்று மாஸ்டர் தங்கையைப் பார்த்துச் சொன்னார். தங்கை கட்டில்காரரைப் பார்த்தாள்.

முதல் தேதி விடிந்ததும் கட்டில்காரரின் கைப்பேசி கூவியது. 'வசூல் வெற்றி.' மறுபடியும் கூவியது. பல் துலக்கி முடிப்பதற்குள் பாக்கி என்கிற சொல்லே கடையிலிருந்து கிளம்பிப் போய்விட்டது. மனைவி கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு முதல் தேதியிலும் அவள் அழுவது வழக்கம்தான் என்றாலும், சந்தோஷத்தில் அழுதது அன்றுதான். மெத்தைக் கம்பெனிக்காரன் தானே கூப்பிட்டு நலம் விசாரித்தான். தவணை அடைந்தது. கடைக்குப் புதுப் பெயர்ப்பலகை வந்தது. இதில் பொய் எதுவும் இல்லை. வங்கி சொன்னபடியே எல்லாம் நடந்தது.

மாஸ்டர் வீட்டுக்கு ஒரு நடை போய்வர வேண்டும் என்று கட்டில்காரர் நினைக்காத வாரம் இல்லை. ஆனால் என்னவென்று சொல்லிக்கொண்டு போவது? காசு கேட்கப் போனபோது வராத கூச்சம், கேட்க ஒன்றும் இல்லை என்றானதும் வந்துவிட்டது. சும்மா போய் நின்றால், பணம்தான் வந்துவிட்டதே, வேவு பார்க்க வந்தானோ என்று நினைக்க மாட்டார்களா? வாடகை என்பது ஒரு கதவைத் தட்டுவதற்கான உரிமை என்று அதுவரை அவருக்குத் தெரியாது. அந்தச் சந்துப் பக்கம் போக நேர்ந்தாலும் வண்டியை வேகமாக ஓட்டிக்கொண்டு போய்விடுவார்.

பணப்புழக்க அதிகாரி மாதம் ஒருமுறை கூப்பிடுவாள்.

"வாடிக்கையாளர்களோட நேரடித் தொடர்பு எதுவும் வச்சுக்கலையே சார்?"

"இல்லம்மா."

"ரொம்ப அருமை சார். உங்களுக்கு இன்னொரு நட்சத்திரம்."

நட்சத்திரங்கள் சேர்ந்து, ஆண்டு விழாவில் அவருக்கு விருது என்று தகவல் வந்தது. மனைவிக்கு இடுப்பு வலி. "நீங்க போயிட்டு வாங்க, நல்ல சட்டையாப் போட்டுட்டுப் போங்க" என்று அனுப்பிவைத்தாள். அதே அரங்கம், அதே குளிர். கட்டில்காரரை மேடையில் உட்காரவைத்து, கண்ணாடியில் செய்த கேடயம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். பொது மேலாளர் பேசினார்.

"இவரிடம் ஒரு ரூபாய் பாக்கி கிடையாது! இதை எப்படிச் சாதித்தோம்? ஒரு உதாரணம் சொல்கிறேன். இவருடைய வாடிக்கையாளர் ஒருவர். படம் வரையக் கற்றுக்கொடுத்தவராம், கற்பனை அதிகம். திடீரென்று மாதக் கடைசியில் கணக்கிலிருந்த பணத்தை வழித்து எடுத்துவிட்டார்! ஏமாற்றப் பார்க்கிறார். நமது இயந்திரம் சும்மா இருக்குமா? காலையில் முயன்றது. மதியம் முயன்றது. மறுநாளும் முயன்றது. ஓய்வூதியம் விழுந்த அந்த நொடியில், அபராதத்தோடு சேர்த்து எடுத்தது!"

அரங்கம் அதிர்ந்தது.

"மனிதர் விடவில்லை. அடுத்த மாதமும் செய்தார். நாமும் விடவில்லை. மூன்றாவது மாதமும் செய்தார். அதன் பிறகு அடங்கிவிட்டார். இப்போது தங்கமான வாடிக்கையாளர். இதில் என்ன அழகு தெரியுமா? இவ்வளவு நடந்ததும் இதோ உட்கார்ந்திருக்கிறாரே, இவருக்குத் தெரியவே தெரியாது! இவருக்குப் போனதெல்லாம் ஒரே செய்திதான். வசூல் வெற்றி!"

எல்லாரும் கட்டில்காரரைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவர் பேயறைந்தவர்போல உட்கார்ந்திருந்தார். சட்டைப்பையில் பணத்தை வைத்துக்கொண்டே 'அடுத்த வாரம் ஒரு நடை வாங்களேன்' என்று சொல்கிற மனிதர், ஒரு மாதம் அல்ல, மூன்று மாதம் எதற்காகப் பணத்தை வழித்து எடுத்தார் என்பது அந்த அரங்கத்திலேயே கட்டில்காரர் ஒருவருக்குத்தான் புரிந்தது.

சாப்பாட்டுக்கு நிற்கவில்லை. கேடயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் பிடித்தபடியே மாஸ்டர் வீட்டு மாடிப்படி ஏறினார். கதவு பாதி திறந்தது. மாஸ்டர் தாடி விட்டிருந்தார். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"வாடகை போயிடுச்சுங்களே" என்றார். குரலில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமான பயம்தான் இருந்தது. "மெசேஜ்கூட வந்துச்சே. எதுக்கு வந்தீங்க?"

கட்டில்காரர் மாஸ்டரின் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். ஜன்னலோரம் கட்டில் இருந்தது. தலைப்பக்கம் நிமிர்த்தி வைத்தபடியே இருந்தது. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை.

"தங்கச்சி..."

"போயிட்டா." மாஸ்டர் வழி விட்டார். "உள்ள வாங்க. வெயில் காலம் தொடங்கறதுக்கு முன்னாடியே போயிட்டா. தூக்கத்துலதான். கஷ்டம் ஒண்ணும் இல்ல."

வெயில் காலம் முடிந்து மழையும் வந்துவிட்டிருந்தது.

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா மாஸ்டர்?"

"போனைக் கையில எடுத்தேன். என்னன்னு ஆரம்பிக்கிறது? 'கட்டில் இனிமே வேண்டாம்'னு சொல்ல வாய் வரலைங்க. நேர்ல வந்தீங்கன்னா நீங்களே பார்த்துப்பீங்க, நான் சொல்ல வேண்டியிருக்காதுன்னு நெனச்சேன். ஒரு மாசம் வாடகை வரலைன்னா வந்து நிப்பீங்கல்ல, எப்பவும்போல? அதான் பணத்தையெல்லாம் எடுத்து அலமாரியில வச்சேன். அவங்க எப்படியோ எடுத்துட்டாங்க. மறுபடியும் பண்ணிப் பார்த்தேன். அபராதம் வேற. மூணாவது தடவைக்கு அப்புறம், வயசானவன் இப்படி விளையாடறது சரியில்லன்னு பட்டுச்சு. விட்டுட்டேன்."

கட்டில்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். மடியில் கேடயம் இருந்தது. மாஸ்டர் அதை மெதுவாக வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, 'தாமதமற்ற வசூலுக்கான தலைசிறந்த விருது' என்று வாய்விட்டுப் படித்தார்.

"எழுத்து நல்லா வந்திருக்கு" என்றார். "கொஞ்சம் இடப்பக்கம் சாயுது. பரவாயில்ல. சந்தோஷம்."

அதன் பிறகுதான் கட்டில்காரர் அழுதார். மாஸ்டர் கேடயத்தை அடுப்புமேடையில் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனார். அன்று கட்டிலை எடுக்கவில்லை. ஸ்பேனர் கொண்டுவரவில்லை என்றார் கட்டில்காரர். கொண்டுவராதது இருவருக்குமே சௌகரியமாக இருந்தது.

மறுநாள் காலை வங்கி திறக்கும்போது கட்டில்காரர் வாசலில் நின்றார். பற்றை நிறுத்த வேண்டும் என்றார்.

"முதல் கணக்குதாரர் நேர்ல வரணும் சார்" என்றாள் அதிகாரி.

"அவங்க இறந்துட்டாங்கம்மா."

அவள் விசையைத் தட்டித் திரையைப் பார்த்தாள். "அப்படிப் பதிவாகலையே. போன மாசம்கூட ஒழுங்காக் கட்டியிருக்காங்க. ஒழுங்காக் கட்டறவங்களை இறந்தவங்கன்னு எப்படி சார் பதிவு பண்றது?"

"கட்டலைம்மா. நீங்களா எடுத்தீங்க."

"ஆணை உயிரோட இருக்கே சார்."

"சரி, வாங்கறவன் நான்தானே? எனக்கு வேண்டாம். நிறுத்துங்க."

"வேண்டாம்னு சொல்ற வசதி வாங்கறவங்களுக்குக் கிடையாது சார். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

"அப்போ இதுவரைக்கும் எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துடறேன்."

அவள் வேறொரு திரையைத் திறந்தாள். "திருப்பித் தர்றதுக்குக் காரணம் குறிப்பிடணும். கணக்குத் தவறா, தொழில்நுட்பக் கோளாறா?"

கட்டில்காரர் யோசித்தார். "நான் போகலைம்மா" என்றார்.

"சார்?"

"நான் அவங்க வீட்டுக்குப் போகலை. அதான் காரணம்."

அவள் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தாள். "அப்படி ஒரு காரணம் இதுல இல்ல சார்" என்றாள். சொல்லிவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள்போல் இருந்தது. அதற்குள் திரை அணைந்துவிட்டது. அவள் மறுபடியும் கடவுச்சொல்லைப் போட வேண்டியதாயிற்று.

விஷயம் பொது மேலாளர்வரை போயிற்று. அவர் கட்டில்காரரை நாற்காலியில் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, கனிவாகவே பேசினார்.

"நானும் மனிதன்தான். இறப்பு இயற்கை. ஆனால் பணப்புழக்கம் ஒழுக்கம். இயற்கைக்காக ஒழுக்கத்தை விட்டால் வங்கி என்னாவது? நாளைக்கு ஆளாளுக்கு இறந்துவிட்டேன் என்று கிளம்பினால்?"

கடைசியில் ஒரே ஒரு வழி இருப்பதாகத் தெரிந்தது. கணக்கையே மூடிவிடுவது. அதற்கும் ஆவணங்கள் கேட்டார்கள், முத்திரை கேட்டார்கள், இறந்தவரின் சமீபத்திய புகைப்படம் கேட்டார்கள். மாஸ்டர் மழையில் கட்டில்காரரின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து பல நடை வந்தார். புகைப்படம் எதுவும் சமீபத்தியதாக இல்லாததால், தானே வரைந்த படம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதை ஏற்றுக்கொள்ளவில்லை. பழைய படத்தையே பெரிது பண்ணி வாங்கிக்கொண்டார்கள். ஒருவழியாகக் கணக்கு மூடப்பட்டது. எடுத்த வாடகையைக் கட்டில்காரர் உறையில் போட்டு நீட்டியபோது மாஸ்டர் வாங்க மறுத்தார். நீட்டியவர் கையும் பின்வாங்கவில்லை. உறை இரண்டு கைக்கும் நடுவே கொஞ்ச நேரம் நின்று, கடைசியில் தேநீர்த் தட்டின் அடியில் போய்ச் சேர்ந்தது.

கட்டிலை எடுக்கப் போன அன்று மனைவியும் கூடவே வந்தாள். இடுப்பு வலியோடு படியேறி வந்து, "இத்தனை நாள் உங்க வீட்டு வாடகையைத்தான் எண்ணியிருக்கேன், உங்க வீட்டை இன்னைக்குத்தான் பார்க்கிறேன் அண்ணா" என்றாள். விரிப்பை அவளே எடுத்து மடித்தாள். கட்டில்காரர் கீழே குந்தி, ஸ்பேனரை முதல் மரையாணியில் வைத்தார்.

அப்போது மாஸ்டரின் கைப்பேசி அடித்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதால் எல்லாருக்கும் கேட்கும்படி வைத்துக்கொண்டார். வங்கியிலிருந்து, பதிவுசெய்யப்பட்ட ஒரு பெண் குரல் பேசியது.

"வணக்கம். எங்கள் சேவையிலிருந்து தாங்கள் விலகியதற்கு வருந்துகிறோம். விலகியதற்கான காரணம் கட்டணம் என்றால் ஒன்றை அழுத்தவும். சேவையின் தரம் என்றால் இரண்டை அழுத்தவும். வேறு காரணம் என்றால் மூன்றை அழுத்தவும்."

மாஸ்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேடி, மூன்றை அழுத்தினார்.

"காரணத்தைத் தயவுசெய்து சொல்லவும்" என்றது குரல். ஒரு மணியோசை கேட்டது. அதன் பின் நிசப்தம்.

"வணக்கம்மா" என்றார் மாஸ்டர். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். "காரணம் என்னன்னா, என் தங்கச்சி தவறிட்டா. அவளும் உங்களை மாதிரி டெலிபோன்லதான்மா வேலை பார்த்தா. எக்ஸ்சேஞ்சுல. நீங்க பேசற மாதிரியேதான் பேசுவா, ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி, மரியாதையா. அந்தச் சம்பளத்துலதான் என்னை ஓவியம் படிக்க வச்சா. வயசுல சின்னவ, ஆனா எனக்கு ஃபீஸ் கட்டினா. அவளைப் பொண்ணு பார்க்க வந்தாங்க, அண்ணன் படிப்பு முடியட்டும்னு சொல்லிட்டா. முடிஞ்சப்போ யாரும் வரலை. குரல் போன அன்னைக்குத்தான்மா ரொம்ப அழுதா, கை கால் போனதுக்கு அழலை. நான் அவகிட்ட இதுக்கு ஒரு தடவைகூட..."

கட்டில்காரர் ஸ்பேனரைப் பிடித்தபடியே இருந்தார். எத்தனை முறை இந்த அறையில் உட்கார்ந்து வானத்தின் நிறத்தைப் பற்றியும் கட்டிலின் நிறத்தைப் பற்றியும் பேசியிருக்கிறார். கண்களை மட்டும் அசைத்துக்கொண்டு எதிரே இருந்தவளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. மனைவி மடித்த விரிப்பை மார்போடு வைத்துக்கொண்டு நின்றாள்.

மறுபடியும் மணியோசை கேட்டது.

"நேரம் முடிந்தது. தங்கள் பதில் பதிவாகவில்லை. மீண்டும் சொல்ல விரும்பினால் ஒன்றை அழுத்தவும்."

கட்டில்காரர் சட்டென்று எழுந்து கைப்பேசியைப் பிடுங்கப் போனார். மனைவி அவர் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தாள்.

மாஸ்டர் தேடி, ஒன்றை அழுத்தினார்.

"வணக்கம்மா" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார், அந்தப் பெண்ணுக்குப் புரிய வேண்டுமே என்று இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் நிதானமாக.